சிறுநீரகத் தமனிக் குறுக்கமும் சி.டி. ஆஞ்சியோகிராமும்: கண்டறிதலின் வரலாறு

சிறுநீரகத் தமனிக் குறுக்கம் என்பது, பெருந்தமனியிலிருந்து பிரிந்து சிறுநீரகத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயின் உள்வழி குறுகிப்போவதாகும். இவ்வாறு குறுகினால் சிறுநீரகத்திற்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை. அதன் விளைவாக உடல் முழுவதும் இரத்த அழுத்தம் உயர்கிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தனியான காரணம் எதையும் சுட்டிக்காட்ட முடியாது. காரணம் சுட்டக்கூடிய சிறு பகுதியினரில் சிலருக்கு இந்தக் குறுக்கமே காரணம். அவர்களைக் கண்டுபிடித்தால் நோயின் வேரிலேயே மருத்துவம் செய்ய வாய்ப்பு உண்டு. கண்டுபிடிக்காமல் விட்டால் சிறுநீரகம் மெல்லச் சுருங்கிச் செயலிழக்கலாம். இன்று இக்குறுக்கத்தைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் முறைகளுள் ஒன்று சி.டி. ஆஞ்சியோகிராம். இக்கட்டுரை அந்த முறை உருவான வரலாற்றையும், அதில் சென்னையோடு தொடர்புடைய ஓர் அறிவியலாளரின் பங்கையும், இந்திய நோயாளிகளுக்கு அது ஏன் முக்கியம் என்பதையும் கூறுகிறது.

சிறுநீரகமும் இரத்த அழுத்தமும்

இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரு சிறுநீரகங்களுக்கும் செல்கிறது. அதாவது நிமிடத்திற்கு 1 லிட்டருக்கும் மேல். இவ்வளவு இரத்தத்தையும் கொண்டு செல்லும் தமனி 5 அல்லது 6 மில்லிமீட்டர் விட்டமே உடையது.

சிறுநீரகத்திற்கும் இரத்த அழுத்தத்திற்கும் தொடர்பு உண்டு என்பதை முதலில் கவனித்தவர்களுள் ஒருவர் இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட். சிறுநீரில் புரதம் வெளியேறிய 100 நோயாளிகளைப் பற்றி அவர் 1836இல் எழுதினார். சிறுநீரகம் கெட்டவர்களில் பலருக்கு இதயம் பருத்திருந்ததை அவர் பிணப் பரிசோதனையில் கண்டார். அக்காலத்தில் இரத்த அழுத்தத்தை அளக்கும் பட்டைக் கருவி கிடையாது. இத்தாலியரான ரிவா-ரோச்சி அதை உருவாக்கியது 1896இல்தான்.

1898இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் ஆகிய இருவரும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தினர். அவற்றின் இரத்த அழுத்தம் ஏறியது. சாற்றில் இருந்த பொருளுக்கு அவர்கள் ரெனின் என்று பெயரிட்டனர். ஆனால் அக்கண்டுபிடிப்பு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

கோல்ட்பிளாட்டின் கவ்வி

அதை மீண்டும் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க நோயியலாளர் ஹாரி கோல்ட்பிளாட். உயர் இரத்த அழுத்தத்தால் இறந்தவர்களின் உடல்களில் சிறுநீரக இரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகியிருப்பதை அவர் கண்டார். அழுத்தம் ஏறியதால் குழாய் குறுகியதா, குழாய் குறுகியதால் அழுத்தம் ஏறியதா என்பதே அவருடைய கேள்வி. விடை காண அவர் ஒரு சிறு வெள்ளிக் கவ்வியைச் செய்தார். கிளீவ்லாந்து நகரில் நாய்களின் சிறுநீரகத் தமனிகளில் அதைப் பொருத்தி, திருகைச் சிறிது சிறிதாக முறுக்கினார். இரு பக்கத் தமனிகளும் குறுகியபோது நாய்களின் இரத்த அழுத்தம் ஏறி, ஏறிய நிலையிலேயே நின்றது. 1934இல் இம்முடிவு வெளியானது.

இதன் பொறிமுறை பின்னர் தெளிவாயிற்று. இரத்தம் குறைவாக வரும் சிறுநீரகம், உடலில் இரத்தமே குறைந்துவிட்டதாகக் கருதுவது போல நடந்துகொள்கிறது, ரெனினைச் சுரக்கிறது. ரெனின் இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை வெட்டுகிறது. அதிலிருந்து ஆஞ்சியோடென்சின் உண்டாகி, இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. கூடவே உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. இந்த ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரைகள் இன்று உயர் இரத்த அழுத்தத்திற்குப் பரவலாகத் தரப்படுகின்றன. எனினும் இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியிருப்பவருக்கு இம்மாத்திரைகளால் சிறுநீரகச் செயற்பாடு திடீரெனக் குறையலாம். மாத்திரை தொடங்கியபின் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு கணிசமாக உயர்ந்தால், மருத்துவர்கள் தமனிக் குறுக்கத்தை ஐயுறுவது இதனால்தான்.

கோல்ட்பிளாட்டின் ஆய்வு மனிதருக்கும் பொருந்துமா? 1938இல் லெட்பெட்டர், பர்க்லாந்து ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுடைய நிலையை விவரித்தனர். கடும் இரத்த அழுத்தத்தால் துன்புற்ற அவனுக்கு ஒரு சிறுநீரகத்தின் தமனி அடைபட்டிருந்தது. அச்சிறுநீரகத்தை நீக்கியதும் இரத்த அழுத்தம் இயல்புக்குத் திரும்பியது.

இந்தச் செய்தி பெரும் நம்பிக்கையை ஊட்டியது. கூடவே ஒரு பிழையையும் தோற்றுவித்தது. ஒரு சிறுநீரகம் சிறிதாகவோ குறையுள்ளதாகவோ தெரிந்தாலே அதை நீக்கும் வழக்கம் பரவியது. 1956இல் சிறுநீரக உடலியலாளர் ஹோமர் ஸ்மித், இவ்வாறு சிறுநீரகம் நீக்கப்பட்ட 575 பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கே இரத்த அழுத்தம் இயல்புக்குத் திரும்பியிருந்தது. மற்றவர்கள் பயனின்றி ஒரு சிறுநீரகத்தை இழந்திருந்தனர். குறை ஒன்று கண்ணில் பட்டது என்பதற்காக அதுவே நோய்க்குக் காரணம் ஆகிவிடாது என்ற பாடம் அப்போது கிடைத்தது. இத்துறையின் வரலாற்றில் அப்பாடம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

தமனியைப் படம் பிடித்தல்

1895 நவம்பரில் வில்ஹெல்ம் ரோன்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெரியும். இரத்தக் குழாய் தெரியாது. கதிரைத் தடுக்கும் மருந்து ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தினால்தான் அது தெரியும். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் 1927இல் மூளைத் தமனிகளை இவ்வாறு படம் பிடித்தார். அதே நகரில் ரெய்னால்டோ டோஸ் சாண்டோஸ் 1929இல் முதுகுப்புறமாக நீண்ட ஊசியைப் பெருந்தமனிக்குள் செலுத்தி, வயிற்றுத் தமனிகளைப் படமெடுத்தார். சிறுநீரகத் தமனிகளை உயிருள்ள மனிதரிடம் பார்ப்பதற்கு இதனால் வழி பிறந்தது. ஆனால் அது ஆபத்து மிகுந்த முறை.

1953இல் சுவீடனைச் சேர்ந்த ஸ்வென்-இவார் செல்டிங்கர் எளிய வழி ஒன்றைக் கூறினார். தொடைத் தமனியில் ஊசியைக் குத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியை நுழைத்து, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலாக மென்குழாயைச் செலுத்துவது அவர் முறை. இன்று ஆஞ்சியோகிராம் எனப்படும் பரிசோதனைகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை. 1978இல் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக், இதே வழியில் பலூனைச் செலுத்திக் குறுகிய சிறுநீரகத் தமனியை விரிவாக்கியதை வெளியிட்டார்.

எனினும் தமனிக்குள் குழாய் செலுத்துவது உடலைத் துளைக்கும் சிகிச்சைக்கு ஒப்பானது. இரத்தக் கசிவு, தமனிச் சுவர்க் கிழிவு போன்ற இடர்கள் அதில் உண்டு. ஐயம் உள்ள எல்லோருக்கும் அதைச் செய்ய இயலாது. உடலைத் துளைக்காமல் தமனியைப் பார்க்க வேறு வழி தேவைப்பட்டது.

குறுக்குவெட்டுப் படமும் ஜி. என். ராமச்சந்திரனும்

சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் முன்னிருப்பதும் பின்னிருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு வரைவதே சி.டி. ஸ்கேன். இதற்கான கணிதத்தை ஆஸ்திரியரான யோகான் ராடோன் 1917இலேயே எழுதிவிட்டார். ஆலன் கார்மக் 1963, 1964ஆம் ஆண்டுகளில் இதை மருத்துவத்திற்குப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார். இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு கருவியையே உருவாக்கினார். 1971 அக்டோபர் 1 அன்று இலண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. கார்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர்.

அதே 1971ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியானது. அதை எழுதியவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். கொலாஜன் புரதத்தின் மூவிழை வடிவத்தையும், புரத அமைப்பைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடத்தையும் சென்னையில் இருந்தபோதுதான் அவர் தந்தார். பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார்.

அக்கட்டுரை சொன்னது இதுதான். பல கோணப் படங்களிலிருந்து உள்ளமைப்பை மீட்க அதுவரை ஃபூரியர் மாற்றம் என்னும் நீண்ட கணக்கீடு தேவைப்பட்டது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கோண அளவையும் ஒரு குறிப்பிட்ட சார்போடு சேர்த்துத் திருத்தி, வந்த திசையிலேயே மீண்டும் பரப்பிக் கூட்டினால் போதும். திருத்தாமல் கூட்டினால் படம் மங்கிக் கலங்கும்; திருத்திக் கூட்டினால் விளிம்புகள் தெளியும். கணினிகள் மெதுவாக இயங்கிய அக்காலத்தில் இது பெரும் சுருக்கவழியாக இருந்தது. வானொலி வானியல் துறையில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967இல் இதே கருத்தை வேறு நோக்கில் வெளியிட்டிருந்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி வேறு வகைக் கணக்கீட்டைக் கையாண்டது. பின்வந்த சி.டி. கருவிகளோ பல பத்தாண்டுகள் இந்தத் திருத்திப் பரப்பும் முறையையே பெரிதும் நம்பியிருந்தன. அதில் பயன்படும் அடிப்படை வடிப்பானை உலகெங்கும் மாணவர்கள் ராம்-லாக் வடிப்பான் என்ற பெயரிலேயே படிக்கின்றனர். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் ஆகிய இரு பெயர்களின் சுருக்கம் அது. ராமச்சந்திரன் 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

சுருள் முறையும் சி.டி. ஆஞ்சியோகிராமும்

தொடக்கக் காலக் கருவிகள் ஒரு வெட்டுப் படத்திற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டன. தலையை அசையாமல் வைத்திருக்கலாம், வயிறு அப்படியன்று. மூச்சு விடும்தோறும் சிறுநீரகம் மேலும் கீழும் நகரும். சாயமருந்தும் தமனியில் சில நொடிகளே செறிவாக இருக்கும். ஆகவே சிறுநீரகத் தமனியைப் பார்க்க வேகமே முதல் தேவை.

1989இல் ஜெர்மனியின் வில்லி காலெண்டர் குழுவினர் சுருள் முறையை அறிமுகப்படுத்தினர். இதில் கதிர்க்குழாய் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நோயாளி படுத்திருக்கும் மேசையும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே மூச்சடக்கலில் வயிறு முழுவதையும் படமெடுக்க முடிந்தது. 1990களின் முற்பாதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கதிரியல் மருத்துவர்கள் இம்முறையால் சிறுநீரகத் தமனிக் குறுக்கத்தைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஒரே சுற்றில் நான்கு வெட்டுகளை எடுக்கும் கருவி 1998இலும், 64 வெட்டுகளை எடுக்கும் கருவி 2004ஐ ஒட்டியும் வந்தன. வெட்டின் தடிமன் 1 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியது.

பரிசோதனை நடைபெறும் விதம்

முதலில் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கப்படும். சாயமருந்து அயோடின் கலந்தது; அது சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேற வேண்டும். எனவே சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் இப்பரிசோதனையைச் செய்வதா என்பதை மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். சாயமருந்து ஒவ்வாமை முன்பு ஏற்பட்டிருந்தாலும், கருவுற்றிருந்தாலும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கைச் சிரையில் பொருத்திய ஊசி வழியாக இயந்திரம் மருந்தை வேகமாகச் செலுத்தும். அப்போது உடலில் வெப்பம் பரவுவது போலத் தோன்றும். மருந்து பெருந்தமனிக்கு வந்து சேர்வதைக் கருவியே கண்காணித்து, குறித்த அளவை எட்டியதும் படமெடுக்கத் தொடங்கும். நோயாளி சில நொடிகள் மூச்சை அடக்கினால் போதும். படமெடுத்தபின் வேலை கதிரியல் மருத்துவருடையது. நூற்றுக்கணக்கான வெட்டுகளைக் கணினியில் அடுக்கி, தமனியை நீளவாக்கில் விரித்தும், முப்பரிமாணமாகச் சுழற்றியும் அவர் பார்ப்பார். உள்வழி பாதிக்கு மேல் குறுகியிருந்தால் அது கவனிக்கத்தக்கது. 70 விழுக்காட்டைத் தாண்டினால் கடுமையானது என்பது பொது வழக்கு.

குறுக்கத்தின் வகைகளும் தகாயாசு நோயும்

படத்தில் தெரியும் குறுக்கம் மூன்று வகையாக இருக்கலாம். முதியவர்களிலும், புகைபிடிப்போர், நீரிழிவு உள்ளோரிலும் கொழுப்புப் படிவால் ஏற்படும் குறுக்கம், தமனி பெருந்தமனியிலிருந்து பிரியும் வாயிலேயே இருக்கும். நடுவயதுப் பெண்களிடம் காணப்படும் நார்த்தசை வளர்ச்சிக் கோளாற்றில், தமனியின் நடுப்பகுதி மணிமாலை போலத் தெரியும். இவ்விரண்டும் மேலைநாட்டுப் பாடநூல்களில் முதலிடம் பெறுபவை.

மூன்றாவது வகை தகாயாசு நோய். இது பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்கும் அழற்சி நோய். ஜப்பானின் கண் மருத்துவர் மிகிட்டோ தகாயாசு, 21 வயதுப் பெண் ஒருவரின் கண்ணில் கண்ட இரத்தக் குழாய் மாற்றங்களை 1908இல் வெளியிட்டதால் இப்பெயர் வந்தது. பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்ட பெண்களையே இது தாக்கும். ஜப்பானில் இது கழுத்து, கைத் தமனிகளை மிகுதியாகத் தாக்கியதால் நாடித்துடிப்பு இல்லா நோய் என்றும் அழைக்கப்பட்டது. இந்தியாவில் இதன் முகம் வேறு. இங்கு வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளுமே அடிக்கடி தாக்கப்படுகின்றன. ஆகவே நாடித்துடிப்பு இல்லாமை அன்றி, உயர் இரத்த அழுத்தமே பலருக்கு முதல் அறிகுறியாகிறது.

பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பி. கே. சென்னும் உடன் பணியாற்றியோரும் 1963இல் நடுப்பெருந்தமனிக் குறுக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினர். 1968இல் இந்தியாவின் முதல் இதயமாற்று அறுவையைச் செய்தவரும் இதே சென்தான். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் கே. எஸ். சுக் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகத் தமனிக் குறுக்கத்தால் இரத்த அழுத்தம் ஏறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தகாயாசு நோயே காரணமாக இருந்தது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இந்நோய் ஆராய்ச்சியில் முன்னணியில் உள்ளது. நோய் தீவிரமாக இருக்கிறதா, அடங்கியிருக்கிறதா என்பதை மதிப்பிட இந்திய மருத்துவர்கள் உருவாக்கி 2013இல் வெளியிட்ட அளவுகோலில், அக்கல்லூரியின் தேவாசிஷ் தண்டாவுக்கும் லக்னோவின் ராம்நாத் மிஸ்ராவுக்கும் முக்கியப் பங்கு உண்டு.

இந்நோயில் சி.டி. படத்திற்குத் தனிச் சிறப்பு ஒன்று உள்ளது. குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் தமனியின் உள்வழியை மட்டுமே காட்டும். சி.டி. படமோ தமனிச் சுவரையும் காட்டும். அழற்சியால் சுவர் தடித்திருப்பதை, உள்வழி முற்றிலும் குறுகுவதற்கு முன்பே அறியலாம். அந்நிலையிலேயே அழற்சியை அடக்கும் மருந்தைத் தொடங்கினால் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு கூடும்.

வரம்புகள்

சி.டி. ஆஞ்சியோகிராம் பிழையற்றது அன்று. நெதர்லாந்து நாட்டு மருத்துவமனைகளில் 356 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், குழாய் ஆஞ்சியோகிராம் காட்டிய குறுக்கங்களில் சி.டி. கண்டுபிடித்தவை 64 விழுக்காடு மட்டுமே. குறுக்கம் இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் அது 92 விழுக்காடு சரியாக இருந்தது. அதன்பின் கருவிகள் மேம்பட்டுள்ளன. ஆயினும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது படத்தில் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்து, குறுக்கத்தை மிகைப்படுத்தும். நுண்கிளைகளின் குறுக்கம் தவறிப்போகலாம். கதிர்வீச்சும் உண்டு. எனவே குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் டாப்ளர் அல்ட்ராசவுண்டு முதலில் கருதப்படுகிறது.

குறுக்கத்தைக் கண்டபின்

குறுக்கம் தெளிவாகத் தெரிந்தது. இனி அதை விரிவாக்க வேண்டியதுதானே என்று தோன்றும். 1990களில் மேலைநாடுகளில் அப்படித்தான் ஸ்டென்ட் பொருத்துவது பெருகியது. பிறகு இரு பெரிய ஆய்வுகள் வந்தன. பிரிட்டன் முன்னின்று நடத்திய ஆஸ்ட்ரல் ஆய்வு 806 பேரிடம் நடந்து 2009இல் வெளியானது. அமெரிக்கா முன்னின்று நடத்திய கோரல் ஆய்வில் 947 பேர் சேர்க்கப்பட்டு, முடிவு 2014இல் அச்சில் வந்தது. கொழுப்புப் படிவால் குறுக்கம் உள்ளவர்களுக்கு, நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட் சேர்ப்பதால் பொதுவாகக் கூடுதல் பயன் இல்லை என்று இரண்டும் காட்டின. ஹோமர் ஸ்மித் 1956இல் சொன்ன பாடம் வேறு உருவில் திரும்பி வந்தது.

ஆனால் இம்முடிவை இந்தியாவின் இளம் நோயாளிகள்மீது அப்படியே ஏற்றிவிடக் கூடாது. அவ்விரு ஆய்வுகளும் பெரும்பாலும் முதியவர்களைப் பற்றியவை. தகாயாசு நோயிலும் நார்த்தசைக் கோளாற்றிலும் நிலைமை வேறு. அழற்சி அடங்கியபின் பலூன் சிகிச்சை செய்தால் பலருக்கு இரத்த அழுத்தம் கட்டுப்படுவதைத் தில்லி எய்ம்ஸ் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் அனுபவம் காட்டியுள்ளது. குறுக்கம் எவ்வளவு என்பதோடு, அது எதனால், யாருக்கு, எந்த வயதில் என்பதையும் சேர்த்தே முடிவு எடுக்கப்படுகிறது.

அரியலூர் வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது

செந்துறை, அரியலூர் மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்று. முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் பின்னர் பெரம்பலூர் மாவட்டத்திலும் இருந்த ஊர். இப்பகுதி மக்கள் பெரிய மருத்துவத்திற்குத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ செல்வதே நெடுங்கால வழக்கம். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அரியலூரும் ஒன்று. செந்துறையிலிருந்து அது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்க்கின்றனர்.

இவ்விரண்டிற்கும் இடையில்தான் இந்நோய் கண்டறியப்படுவதும் தவறிப்போவதும் நிகழ்கின்றன. கிராமத்தில் அழுத்தம் அளந்தால் மாத்திரை கிடைக்கும். அறுபது வயதுக்காரர் பலருக்கு அது போதும். ஆனால் இருபது வயதுப் பெண்ணுக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தால், மாத்திரை தருவதோடு நிறுத்தாமல், இந்த வயதில் ஏன் என்று கேட்க வேண்டும். சில அறிகுறிகளைக் கருவி ஏதுமின்றியே அறியலாம்:

30 வயதுக்கு முன்பே உயர் இரத்த அழுத்தம் தோன்றுதல்.
இரு கைகளிலும் அழுத்தம் வெவ்வேறாக இருத்தல், அல்லது ஒரு கையில் நாடி மெலிந்திருத்தல்.
மூன்று வகை மாத்திரைகள் சாப்பிட்டும் அழுத்தம் இறங்காதிருத்தல்.
வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் சீறும் ஒலி கேட்டல்.
அல்ட்ராசவுண்டில் ஒரு சிறுநீரகம் மற்றதைவிட 1.5 சென்டிமீட்டருக்கு மேல் சிறிதாகத் தெரிதல்.

இவற்றுள் ஏதேனும் இருந்தால், சி.டி. ஆஞ்சியோகிராம் தேவையா என்று சிறுநீரக மருத்துவரிடமோ இதய மருத்துவரிடமோ கேட்பது நல்லது.

கோல்ட்பிளாட் 1934இல் கவ்வியை முறுக்கிக் காட்டியதை இன்று சில நொடி மூச்சடக்கலில் படமாகப் பார்க்க முடிகிறது. அப்படம் உருவாகும் கணக்கில் ராமச்சந்திரனின் உழைப்பும் கலந்திருக்கிறது. ஆயினும் கருவி தானாக யாரையும் தேடி வராது. யாருக்குப் படமெடுக்க வேண்டும் என்ற ஐயம், நாடியைத் தொட்டுப் பார்க்கும் கையிலிருந்தும் இரு கைகளிலும் அழுத்தம் அளக்கும் பழக்கத்திலிருந்துமே பிறக்கிறது.